பக்கத்து நாட்டு கிரிட் விழுந்தால் நம் வீட்டு விளக்கும் அணையுமா?

முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபெஞ்சல் புயலில் அவர் தெருவுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. ஆனால் செய்தியைத் திறந்தால் நேபாளம், பூடான், பங்களாதேஷ் கிரிட்டுகளோடு (மின் நிலையங்களையும் ஊர்களையும் கோர்க்கும் மின்வலையோடு) இணைத்தாகிவிட்டது, அடுத்தது இலங்கைக்குக் கேபிள் என்று வருகிறது. "நம்ம தெருவுக்கே கொடுக்க முடியல, இதுல அடுத்த நாட்டுக்கு வேறயா? ஒரு குரங்கு குதிச்சதுக்கு இலங்கை முழுக்க இருட்டாச்சே, அதை நம்ம கிரிட்டோட கட்டினா நாமளும் சேர்ந்து விழ மாட்டோமா சார்?" என்று கேட்கிறார். கிண்டல் தொனி இருந்தாலும் நியாயமான கேள்வி. அவர் உண்மையில் கேட்பது, என் தெருவில் கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, அடுத்தவன் கோளாறு நம் வீட்டுக்குள் வருமா, இதில் நமக்கு என்ன லாபம் என்பவைதான்.

நான் மின் தொடரமைப்பில், பாதுகாப்பு ரிலே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரிலே என்பது லைனில் கோளாறு தெரிந்தால் தானாகவே அதை வெட்டிவிடச் சொல்லும் கருவி. 230, 400 கேவி (கிலோவோல்ட்) துணைமின் நிலைய யார்டுகளிலேயே காலம் போய்விட்டது. இப்போது கடலூரில் இருக்கிறேன். லைன் ஏன் டிரிப் ஆகிறது (தானாகத் துண்டித்துக்கொள்கிறது), கிரிட் எப்படி விழுகிறது, எப்படி எழுகிறது என்பதெல்லாம் என் கை பட்ட விஷயம். விலை பேசுவதும் ஒப்பந்தம் போடுவதும் என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது, இது என் அபிப்பிராயம் மட்டும்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

தெரு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயல் நாளில் தேவை சரிந்துவிடும் என்பதால் கிரிட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சம் இருக்காது. தடைப்படுவது துணைமின் நிலையத்துக்கும் உங்கள் மீட்டருக்கும் இடையில் உள்ள 11 கேவி லைன், டிரான்ஸ்ஃபார்மர், கம்பம், கம்பி. தண்ணீர் தேங்கிய தெருவில் லைனை சார்ஜ் செய்தால் உயிர் போகும் என்பதால் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதும் உண்டு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ஏறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய, கூடவே கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. கம்பம் நட மாநிலம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதற்கப்புறம்தான் கடலூர் நகரத்தில் உலக வங்கிக் கடனில் புதைவடம் போடும் வேலை வந்தது. ஆக, உங்கள் மூன்று நாள் இருட்டுக்கு மருந்து புதைவடமும் போதுமான லைன்மேன்களும்தான். இலங்கைக் கேபிளை ரத்து செய்தால் உங்கள் தெருவுக்கு அரை மணி நேரம்கூட முன்னதாகக் கரண்ட் வராது. அந்தக் காசை இங்கே செலவு செய்யலாமே என்று கேட்டால் அது வேறு வாதம், நியாயமான வாதமும்கூட.

இன்னொன்று. "நம்ம கரண்ட், அவங்க கரண்ட்" என்று பிரித்துப் பேசப் புதுச்சேரிக்காரருக்கு அவ்வளவு வசதி இல்லை. சொந்த உற்பத்தி என்று சொல்லிக்கொள்ளக் காரைக்காலில் ஒரு 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம், கொஞ்சம் சூரிய மின்சாரம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நெய்வேலி, கல்பாக்கம், ராமகுண்டம் என்று மத்திய நிலையங்களில் கிடைக்கும் ஒதுக்கீடு. அது வருவது தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து. மாஹேக்கு கேரளம் வழியாக, ஏனாமுக்கு ஆந்திரம் வழியாக. அடுத்தவர் கம்பி வழியே மின்சாரம் வாங்கி, கணக்கை மட்டும் தனியாக வைத்துக்கொள்வது எப்படி என்று இந்தியாவில் யாரிடமாவது கேட்க வேண்டுமானால் புதுச்சேரியிடம்தான் கேட்க வேண்டும். நாடுகளுக்கு இடையே நடப்பதும் அடிப்படையில் இதேதான். நடுவில் பாஸ்போர்ட்டும் டாலரும் வருவதால் சண்டை கொஞ்சம் கூடும்.

சரி, விழுவோமா மாட்டோமா? இதற்கு ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) இணைப்பு, டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) இணைப்பு இரண்டின் வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். ஒரே ஏசி கிரிட்டில் உள்ள ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். இதைத்தான் ஃப்ரீக்வென்சி என்கிறோம், தேவைக்கு உற்பத்தி பற்றாவிட்டால் இது இறங்கும். நெய்வேலியில் சுற்றுவதும் பக்ரா அணையில் சுற்றுவதும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. வில்லியனூர்த் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்தவர்கள் ஒரே மூச்சாக இழுக்கும்வரை தேர் நகரும். ஒரு பக்கம் நாலு பேர் தடுக்கி விழுந்தால் மிச்சப் பேர் மேல் பாரம் ஏறும், அதில் இன்னும் சிலர் விழுவார்கள். ஏசி இணைப்பு அந்த மாதிரி. ஆள் நிறைய இருந்தால் நாலு பேர் விழுந்தாலும் தெரியாது, அது அதன் பலம். மொத்தமாகச் சாய்ந்தால் எல்லோரும் சாய்வது அதன் பலவீனம்.

டிசி இணைப்பில் இந்த வடம் கிடையாது. ஒரு பக்கத்து ஏசியை டிசி ஆக்கி, மறுபக்கம் திரும்பவும் ஏசி ஆக்குகிறார்கள். இரண்டு பக்கமும் அவரவர் தாளத்தில் சுற்றிக்கொள்ளலாம். 500 மெகாவாட் போகட்டும் என்று ஆபரேட்டர் ஆணை கொடுத்தால் 500தான் போகும். அந்தப் பக்கம் என்ன அல்லாடினாலும் தானாக 501 ஆகாது. அந்தப் பக்கம் செத்துப்போனால் இந்தப் பக்கம் ஓட்டம் நிற்கும், அவ்வளவுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை, நாமே அனுபவித்தது. 2012 ஜூலை 30 அதிகாலை வடக்கு கிரிட் விழுந்தது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. 62 கோடிப் பேர் வாழும் பகுதி. மேற்கு தப்பியது. தெற்கும் விழாமல் நின்றது. நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இல்லை, தெற்கு அப்போது தனி கிரிட் என்பதால். மற்ற கிரிட்டுகளோடு பெரிய தொடர்பெல்லாம் ஒடிசாவிலிருந்து வரும் தால்ச்சர்–கோலார் டிசி லைன், காஜுவாக்கா, பத்ராவதி டிசி நிலையங்கள் வழியாகத்தான். தால்ச்சர் பக்கம் செத்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது நின்றது, நம் பக்கம் ஃப்ரீக்வென்சி 49-க்குக் கீழே இறங்கியது, ரிலேக்கள் தாமாகவே சில ஃபீடர்களை (ஊர்களுக்குப் போகும் லைன்களை) வெட்டின, கிரிட் நிமிர்ந்துகொண்டது. கடலூரில் பலருக்கு நாட்டின் பாதி இருட்டில் கிடக்கிறது என்பதே டிவி பார்த்துத்தான் தெரியும்.

அந்த இரண்டு நாள் சரிவுக்கும் தொடக்கம் எது என்பதில்தான் என் போன்ற ரிலே ஆட்களுக்கு இன்றும் உறுத்தல். மத்தியப் பிரதேசத்தில் பீனா–குவாலியர் 400 கேவி லைன் டிரிப் ஆனது. அந்த லைனில் கோளாறு எதுவும் இல்லை. மரம் விழவில்லை, கம்பி அறுந்து விழவில்லை. பக்கத்து சர்க்யூட்டை 765 கேவிக்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள், வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தன, எல்லாப் பாரமும் இந்த ஒரு லைன் மேல் ஏறியது. ரிலேயில் மூன்றாம் மண்டலம் என்று ஒரு அமைப்பு உண்டு. தூரத்தில் நடக்கும் கோளாறுக்கு, பக்கத்தில் உள்ளவர் வெட்டத் தவறினால் கொஞ்சம் பொறுத்திருந்து தான் வெட்டுவதற்காக வைத்திருப்பது. மின்னழுத்தம் தாழ்ந்து லோடு அளவு மீறினால், அந்த ரிலேயின் கண்ணுக்கு லோடும் கோளாறும் ஒன்றுபோலத் தெரியும். நல்ல லைனை அது வெட்டியது. மறுநாள் அதே லைன், அதே ரிலே, அதே கதை. வெளிநாட்டுக்காரன் யாரும் நம்மைக் கவிழ்க்கவில்லை. அளவு மீறி இழுத்ததும், கையிருப்பு இல்லாததும், செட்டிங் சரிபார்க்காததும் சேர்ந்து கவிழ்த்தன.

இப்போது கொஞ்சம் சங்கடமான ஒரு தகவல். நீங்கள் பயப்படும் அந்த வடத்தில் ஏற்கெனவே நம்மைக் கட்டியாகிவிட்டது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தெற்கு கிரிட் மற்ற நான்கோடும் ஏசியில் இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுவதும் ஒரே ஃப்ரீக்வென்சி. பூடான் அதற்கு முன்பிருந்தே அந்த கிரிட்டில்தான் இருக்கிறது. சூக்கா, தாலா, மாங்டேச்சு அணைகளின் மின்சாரம் மழைக்காலத்தில் இங்கே வருகிறது, குளிர்காலத்தில் ஆறு வற்றினால் அவர்கள் நம்மிடம் வாங்குகிறார்கள். நேபாளமும் அப்படியே. பீகாரின் முசாஃபர்பூரிலிருந்து நேபாளத்தின் தால்கேபாருக்குப் போகும் லைன் 2016-இல் 132 கேவியில் ஓடத் தொடங்கிப் பிறகு 400 கேவிக்கு ஏறியது. அப்படியானால் காட்மாண்டுவில் தடுக்கி விழுந்தால் புதுச்சேரியில் விளக்கு அணையுமா? அணையாது. நேபாளத்தின் உச்சத் தேவை சுமார் இரண்டாயிரம் மெகாவாட் என்ற அளவு. இந்தியாவின் உச்சத் தேவை 2024 மே மாதத்தில் இரண்டரை லட்சம் மெகாவாட்டைத் தொட்டது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்று நூறைக் கவிழ்ப்பது கடினம்.

கவலைப்பட வேண்டியவர் சின்ன கிரிட்காரர்தான். இதற்குப் பங்களாதேஷ் நல்ல சாட்சி. 2013 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் பஹரம்பூருக்கும் பங்களாதேஷின் பேராமாராவுக்கும் இடையே 500 மெகாவாட் டிசி இணைப்பு வந்தது. 2014 நவம்பர் 1 அன்று பேராமாராவில் அந்த இணைப்பு டிரிப் ஆனது. வந்துகொண்டிருந்த நானூற்றுச் சொச்சம் மெகாவாட் ஒரே நொடியில் மறைந்தது. அவர்களிடம் அதை ஈடுகட்ட உடனடிக் கையிருப்பு இல்லை, நாடு முழுவதும் இருட்டு. இந்தியப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகவில்லை. பாடம் தெளிவாக இருக்கிறது. டிசி இணைப்பில் பெரியவர் பக்கம் தொற்று வராது, ஆனால் சின்னவருக்கு அந்த இணைப்பே நாட்டின் மிகப் பெரிய ஒற்றை ஜெனரேட்டராக ஆகிவிடுகிறது. அது போனால் என்ன செய்வது என்று திட்டம் இல்லாமல் வாங்கக் கூடாது. பங்களாதேஷ் பயந்து ஓடவும் இல்லை. 2018-இல் அதே இடத்தில் இணைப்பை ஆயிரம் மெகாவாட்டாக ஆக்கிக்கொண்டார்கள்.

இதே கணக்கை இலங்கைக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களின் உச்சத் தேவை மூவாயிரம் மெகாவாட்டைத் தொடாத அளவு. மிகப் பெரிய யூனிட் (ஒரு டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்தது), நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில், 300 மெகாவாட். நாம் பேசும் கேபிள் முதல் கட்டத்தில் 500 மெகாவாட். அதை முழு அளவில் ஓட்டி அது டிரிப் ஆனால் கொழும்பில் தான் ஆட்டம். நமக்கு 500 மெகாவாட் என்பது நெய்வேலிப் புதிய அனல் நிலையத்தின் ஒரு யூனிட். அந்த யூனிட் டிரிப் ஆகி உங்கள் வீட்டு மின்விசிறி எப்போதாவது நின்றிருக்கிறதா? தமிழ்நாட்டின் உச்சத் தேவை மட்டுமே 2024-இல் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்தக் குரங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு டிரான்ஸ்ஃபார்மரில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. யார்டில் வேலை பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். குரங்கு, அணில், பாம்பு, காக்கை எல்லாம் எங்களுக்குத் தினப்படி வருகிறவர்கள். ஒரு நிலையத்தில் கோளாறு வந்தால் அந்த நிலையத்தோடு அது முடிய வேண்டும். ஏன் முடியவில்லை என்பதே கேள்வி. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக இருந்ததால் கூரைகளில் சூரிய மின்சாரம் நிறைய. அதனால் சுற்றிக்கொண்டிருந்த கனமான டர்பைன்கள் குறைவு. ஒரு அதிர்ச்சி வரும்போது தாங்கிக்கொடுப்பது அந்தக் கனமான சுழற்சிதான், சோலார் பேனலுக்கு அது இல்லை. கோளாறு வந்ததும் ஃப்ரீக்வென்சி மடமடவென்று சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளியேறின. நுரைச்சோலை யூனிட்டுகள் உடனே திரும்பி வரவில்லை, அடுத்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு போட வேண்டியதாயிற்று. விசித்திரம் பாருங்கள், அதே பிப்ரவரி 9 அன்றுதான் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றும் ரஷ்யா, பெலாரஸ் கிரிட்டிலிருந்து முந்தைய நாள் கழன்று, போலந்து வழியாக ஐரோப்பிய கிரிட்டில் சேர்ந்தன. அதற்காக அந்தச் சின்ன நாடுகள் சும்மா சுற்றும் பெரிய இயந்திரங்களைக்கூட வாங்கி நிறுவின. மின்சாரம் தயாரிக்க இல்லை, கனத்துக்காக. சோலார் வேகமாகக் கூடும் தமிழ்நாட்டுக்கும் இந்தச் செலவு வரும், இலங்கையோடு இணைத்தாலும் இணைக்காவிட்டாலும்.

இதுவரை சொன்னது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. கம்பியால் வரும் ஆபத்து குறைவு. ஒழுங்கு இல்லாததால் வரும் ஆபத்து நிஜம். ஐரோப்பாவில் 2018 தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் தகராறு, கொசோவோ பகுதி எடுத்த மின்சாரத்துக்கு ஈடாக உற்பத்தி செய்து போட வேண்டியவர் போடவில்லை. ஐரோப்பிய கிரிட்டின் ஃப்ரீக்வென்சி சராசரியாக 50-க்கு ஒரு துளி கீழே, 49.996 ஹெர்ட்ஸில், வாரக்கணக்கில் நின்றது. கிரிட்டைப் பார்த்து நேரம் எண்ணும் அடுப்புக் கடிகாரங்களும் கடிகார ரேடியோக்களும் கண்டம் முழுவதும் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கின. யாருக்கும் கரண்ட் போகவில்லை. ஆனால் ஒரு மூலையில் யாரோ பாக்கி வைத்ததை ஸ்பெயினில் இருப்பவர் அடுப்புக் கடிகாரத்தில் பார்க்க முடிந்தது.

நம் ஊரிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2003-க்கு முன் தென்னக கிரிட்டில் ஃப்ரீக்வென்சி 48-ஐ ஒட்டிக் கிடப்பது சாதாரணம். எந்த மாநிலமும் தன் பங்குக்கு மேல் இழுக்கும், கேட்பாரில்லை. அந்த ஜனவரியில் புதிய கட்டண முறை வந்தது. ஃப்ரீக்வென்சி இறங்கியிருக்கும் நேரத்தில் அட்டவணைக்கு மேல் இழுத்தால் யூனிட்டுக்கு விலை எகிறும். கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் போனைத் தூக்கி லோடைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் அதற்கப்புறம்தான் வந்தது. புது லைன் ஒன்றுகூடப் போடாமல், விலையை மாற்றி கிரிட்டைத் திருத்தினார்கள். இப்போது 49.90-லிருந்து 50.05-க்குள் நிற்க வேண்டும் என்பது விதி. எல்லை தாண்டும் வியாபாரத்துக்கும் 2019-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தனி விதிமுறை போட்டது. 2024 நவம்பரில் நேபாளத்திலிருந்து பங்களாதேஷுக்கு இந்தியா வழியாக 40 மெகாவாட் போனதே, அது இந்தக் கணக்குப் புத்தகத்தின் வேலைதான். நேபாளம் முசாஃபர்பூரில் நாற்பது போடுகிறது, பேராமாரா பக்கம் நாற்பது எடுக்கிறார்கள். நேபாளத்து மின்சாரம்தான் டாக்காவில் எரிகிறதா என்று யாரும் துரத்திக்கொண்டு போவதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் சொல்வதும் அட்டவணை சொல்வதும் ஒத்துப்போகிறதா, போகாவிட்டால் யார் காசு கொடுப்பது என்பதுதான் விஷயம்.

நவீனமயம் என்று செய்தியில் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சொல் வந்தாலே கம்ப்யூட்டர் திரை படம் போடுகிறார்கள். கடலூர் சிப்காட் பக்கம் தை, மாசிப் பனியில் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு லைனுக்கு அடியில் போய் நின்றுபாருங்கள். மேலே சடசடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். கடற்காற்று கொண்டுவந்த உப்பு பீங்கான் இன்சுலேட்டரில் மாதக்கணக்கில் படிந்திருக்கும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. பனியில் நனைந்ததும் அதன் வழியே மின்சாரம் கசியும், ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பொறி தட்டுக்குத் தட்டு தாவும், ஒரு கட்டத்தில் முழு இன்சுலேட்டரையும் தாண்டி அடிக்கும், லைன் டிரிப். வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்து, லைன் ஒழுங்காக நிற்கும். ரோந்து போனவர்களுக்கு பீங்கானில் ஒரு வெள்ளைத் தீக்காயம் மட்டும் கிடைக்கும். இதற்கு வைத்தியம் தண்ணீர் அடித்துக் கழுவுவது, இல்லாவிட்டால் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு போகும் சிலிக்கோன் இன்சுலேட்டர் மாற்றுவது. என்னைக் கேட்டால் கடற்கரை மாவட்டங்களில் முதல் நவீனமயம் இதுதான். பாக் நீரிணைக்கு இரு பக்கமும் இதே உப்புதான் என்பதால், இலங்கைத் திட்டத்தில் கேபிளைவிடக் கரையேறிய பிறகு வரும் லைன்தான் அதிகம் டிரிப் ஆகும் என்று நினைக்கிறேன்.

திரைகள் தேவையில்லை என்று சொல்லவில்லை. பழைய முறையில் சில நொடிக்கு ஒருமுறைதான் தகவல் வரும். இப்போது பெரிய துணைமின் நிலையங்களில் உள்ள அளவிகள் செயற்கைக்கோள் நேரத்தோடு ஒத்துவைத்து நொடிக்கு 25 முறை அனுப்புகின்றன. இரண்டு ஊர்களுக்கு இடையே கிரிட் எவ்வளவு முறுக்கேறி நிற்கிறது என்பதை விழுவதற்கு முன்பே பார்க்கலாம். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு நாடே விளக்கை அணைத்தபோது ஏறத்தாழ 31,000 மெகாவாட் தேவை சில நிமிடங்களில் இறங்கி, திரும்ப ஏறியது. அணை மின் நிலையங்களை முன்கூட்டியே திட்டமிட்டு இறக்கி ஏற்றி, ஃப்ரீக்வென்சியை 49.70-க்கும் 50.26-க்கும் இடையில் வைத்திருந்தார்கள். அதே நேரம் பூடானும் நேபாளமும் அதே கிரிட்டில்தான் இருந்தன. நாடுகளுக்கு இடையே எனக்குத் தெரிந்த பெரிய தலைவலி இதைவிடச் சின்னது. ஒரு லைனின் இரண்டு முனையிலும் ரிலே செட்டிங் ஒத்துப்போக வேண்டும். இரண்டு முனையும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் ஒரு போனில் முடியும். இரண்டு நாட்டில் இருந்தால் அது கடிதப் போக்குவரத்து ஆகிவிடும், நடுவில் ஒரு முனையில் யாராவது டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிட்டு அடுத்த முனைக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

லாபம் என்ன என்பதில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். நேபாளத்துக்குக் கிடைத்த லாபம் கண்கூடு. ஒரு காலத்தில் குளிர்காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு, இந்தியாவிலிருந்து வாங்கி அதிலிருந்து மீண்டு, இப்போது மழைக்காலத்தில் நமக்கே விற்கிறது. அவர்களிடம் இமயமலை ஆறுகள், நம்மிடம் நிலக்கரி. அவர்களுக்கு மிஞ்சும்போது நமக்குத் தேவை, நமக்கு மிஞ்சும்போது அவர்களுக்குத் தேவை. இலங்கையோடு அந்தப் பொருத்தம் எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. முப்பந்தலில் காற்று அடிக்கும் அதே தென்மேற்குப் பருவத்தில்தான் மன்னாரிலும் அடிக்கிறது. வெயிலும் ஒன்றுபோல. கடிகாரம்கூட ஒன்றுதான், மாலை ஏழு மணிக்கு அங்கே விளக்கு போடும்போதுதான் இங்கேயும் போடுகிறார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் மிஞ்சி, ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வந்தால் வியாபாரம் மெலியும். மறுபக்கம், காற்றுக் காலத்தில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்களில், டீசலும் உலை எண்ணெயும் எரிக்கும் இலங்கைக்கு விற்றால் இருவருக்குமே நல்லது. இரண்டில் எது தட்டில் கனக்கும் என்பது விலையைப் பொறுத்தது. 2010-இல் சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒப்பந்தம் போட்டு, 2025 ஏப்ரலில் மறுபடியும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், அந்தக் கணக்கு யாருக்கும் எளிதாக வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விலைக் கணக்கில் வராத ஒரு லாபம் உண்டு. விழுந்த கிரிட்டை எழுப்ப வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுதாக இருண்டபோது பிரான்சிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் லைன் வழியே கொடுத்துத்தான் அங்கங்கே எழுப்பத் தொடங்கினார்கள். மொராக்கோ லைன் கடலடிக் கேபிள். இலங்கைக்கு அப்படி ஒரு கை இதுவரை இல்லை. ஆனால் இதற்கு எந்த வகை டிசி நிலையம் கட்டுகிறோம் என்பது முக்கியம். பழைய தைரிஸ்டர் (ஒரு வகை மின்னணுச் சுவிட்ச்) வகைக்கு அந்தப் பக்கம் உயிரோடு, அதுவும் பலமாக, ஒரு ஏசி கிரிட் இருந்தாக வேண்டும். செத்த கிரிட்டை அது எழுப்பாது. டிரான்சிஸ்டர் அடிப்படையிலான புதிய வகை எழுப்பும், பலவீனமான கிரிட்டுக்கு மின்னழுத்தமும் பிடித்துக்கொடுக்கும். புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021-இல் ஓடத் தொடங்கிய 2,000 மெகாவாட் லைன் அந்த வகைதான், ஆக நமக்கு அனுபவம் உள்ள தொழில்நுட்பம். இலங்கைக்குப் பழைய வகையை மலிவு என்று போட்டால் நான் எதிர்ப்பேன்.

கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது, காரைக்காலிலிருந்தோ கடலூர்த் துறைமுகத்திலிருந்தோ கேபிள் போட்டால் நமக்கும் ஒரு பங்கு கிடைக்காதா என்று. கிடைக்காது. இங்கிருந்து கடல் அகலம், ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதைவிட முக்கியம், டிசி நிலையத்துக்குப் பின்னால் பலமான துணைமின் நிலையம் இருக்க வேண்டும். மதுரையைப் பேசுவது அதனால்தான். கேபிள் கரையேறும் ஊர் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை, அது அப்படியே டிசியாக மதுரைக்குப் போய்விடும். ராமேஸ்வரத்துக்காரர் கேட்டாலும் இதே பதில்தான்.